பூவராகன் மாமாவின் மரக்கால்

என் அக்கா சந்திரலேகாவின் வீட்டுக்காரர் பூவராகன். எனக்கு மாமா. சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்துக் கிராமம் என்பதால் அந்தக் கோயில் பெருமாளின் பெயரையே வைத்துவிட்டார்கள். சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அக்காவிடம் குரலை உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? இருந்தாலும் அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் அந்த மரக்காலால்.

நெல் அளக்கிற மரக்கால் இல்லை. மாமா எழுதிய மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் அது. கல்யாணத்துக்கு முன்பு, பண்ருட்டிப் பக்கம் ஆரோக்கியராஜ் என்பவரின் முந்திரி மண்டியில் மின்னணுத் தராசு வாங்கினார்கள். எடையை ஒருத்தர் பார்த்துச் சொல்வார், இன்னொருத்தர் கணினியில் அடிப்பார், நடுவில் எண் மாறிப்போய் தினம் சண்டை. மாமா ஒரு கேபிளை மாட்டி, தராசு காட்டுகிற எடை நேராகக் கணினிக்குப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் திறந்து போட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். எடுத்தார்கள், ஏகப்பட்ட பேர். திருத்தத்தான் ஒருத்தரும் வரவில்லை.

ஒரே மாதிரி கணினிகளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. விண்டோஸில் ஓடுவது மேக்கில் ஓடாது. லினக்ஸ் என்றால் அதுவே பல பங்காளிகள், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் வருஷா வருஷம் புதுப் பதிப்பு விடும். விட்டதும் தராசுக் கேபிள் நுழைகிற வழி எங்கேயாவது இடம் மாறியிருக்கும். உடனே பிரேசிலில் ஒரு காய்கறிக் கடைக்காரர், போர்ச்சுகலில் ஓர் ஆஸ்பத்திரி, ஹாலந்தில் ஓர் ஆய்வுக்கூடம் எல்லாரும் மாமாவுக்கு எழுதுவார்கள். மரக்கால் ஓடவில்லை, எப்போது சரியாகும் என்று.

பாத்திரம் வைக்க அக்கா ஆசைப்பட்டு அடித்த அலமாரியில் ஐந்து கணினிகள் உட்கார்ந்திருந்தன, வகைக்கு ஒன்று. கீழே பழைய காய்கறிக் கடைத் தராசு. புதுப் பதிப்பை வெளியிடுவதற்கு முன்னால் மாமா அதில் ஓர் இரும்பு எடைக்கல்லை வைத்து, ஐந்திலும் எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். பிறகு, இதை வெளியிட்டது நான்தான் என்பதற்கு மின்கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துச் சாவி அங்கிருந்த ஒரு மேசைக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதைத் திறக்கிற கடவுச்சொல் மாமாவின் மண்டையில் மட்டும். அலமாரிப் பக்கம் பிள்ளைகள் போனால் அந்த வீட்டில் சத்தம் வரும்.

அவர்கள் மகள் தீபிகாவுக்குக் காது குத்தியது கடலூரில், மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து மண்டபத்தில். தாய்மாமன் மடி என்னுடையது. ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், பிள்ளை வீறிடுகிறது, அப்பாவைக் காணோம். அவர் சமையல்கட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பிரேசில்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். இலை போட்ட பிறகுதான் வந்தார். அக்கா அவருக்கும் பரிமாறினாள். நான் விடவில்லை.

“ஏன் மாமா, பெத்த புள்ளைக்கு காது குத்தறத வுட அந்தாளு தக்காளிதான் முக்கியமா?”

“கடையில கூட்டம் நிக்குதுடா மச்சான். தராசு ஓடல. என்னை வுட்டா அவுருக்கு யாரு இருக்கா?”

“வுட்டுத் தொலைங்களேன்.”

“எப்பிடி வுடறது? ஆஸ்பத்திரில பொறந்த கொழந்தைங்கள எட போடறாங்க அதுல. நல்ல ஆளு ஒருத்தர் கெடச்சா இன்னிக்கே குடுத்துடுவேன். ஒரே ஒரு ஞாயித்துக்கெழம சும்மா ஒக்காரணும்டா. ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது. அதான் என் ஆச, வேற ஒண்ணும் இல்ல.”

அது பொய்யில்லை. பொறுப்பேற்க ஆள் தேவை என்று மரக்காலின் இணையப் பக்கத்திலேயே எழுதிப் போட்டிருந்தார். போலந்திலிருந்து ஒருத்தர் ஆர்வமாக வந்தார். குழந்தை பிறந்திருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அன்பரசு என்று கல்லூரியில் கூட வேலை செய்கிறவர், இதற்குச் சான்றிதழ் ஏதாவது தருவார்களா என்று கேட்டார். முகம் தெரியாத இன்னொருத்தர் வந்த கையோடு சாவியைக் கேட்டார். மாமா பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். அது சரியான பயம்தான், அப்படி வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை என்று எனக்கே தெரியும். அதற்கப்புறம் அவர் தேடுவதை விட்டுவிட்டார். ஆள் இல்லை என்பது அவருக்கு வியாதி மாதிரி உறுதியாகிவிட்டது. பொங்கலுக்கு வந்தாலும் கல்யாணத்துக்கு வந்தாலும் பரோலில் வந்தவர் முகம்தான்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் எம்.சி.ஏ. படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தாள். எதை எப்படி அழுத்தினால் உடையும் என்று கண்டுபிடிப்பதில் அங்கே அவளுக்கு நல்ல பேர். கல்யாணத்தோடு அது நின்றது. இப்போது சிதம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் வீடும் மரமும் வரையச் சொல்லித்தருகிறாள். அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவில் நாலடி இருக்கும். அந்த நாலடியைத் திரும்பிப் பார்க்காமல் மாமா போலந்து வரைக்கும் ஆள் தேடினார்.

போன மாசியில் மாமாவின் அப்பா காலமானார். கொள்ளி வைத்த மகன் கருமாதி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். குடும்பத்துக்கு மூத்தவர் ராஜமாணிக்கம் பெரியப்பா, அவர் இதிலெல்லாம் கறார். மாமா மொட்டைத் தலையும் மேல்துண்டுமாகக் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நானும் காரிய வேலைக்கு ஒத்தாசையாக அங்கே தங்கியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் கைபேசியைப் பார்த்தவர் முகம் செத்துப்போனது. என்னிடம் நீட்டினார். போர்ச்சுகல் ஆஸ்பத்திரியில் ஒரு செவிலி எழுதியிருந்தார். கணினியைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகு, ஒரு குழந்தையை எடுத்துவிட்டு அடுத்த குழந்தையைத் தராசில் வைத்தால் சில சமயம் முந்தின குழந்தையின் எடையே திரையில் நிற்கிறதாம். நாங்கள் கவனித்துவிட்டோம், கையால் எழுதிக்கொள்கிறோம், கவனிக்காத இடங்களும் இருக்குமே என்று முடித்திருந்தார்.

“எடைய பாத்துதான்டா பொறந்த கொழந்தைக்கு மருந்து” என்றார் மாமா.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தராசு பூஜ்யத்துக்கு வந்ததும் பழைய எடையை அழித்துவிட வேண்டும், இரண்டு வரி வேலை. ஆனால் ஐந்து கணினியிலும் சோதிக்காமல் வெளியிட முடியாது. கணினிகள், தராசு, கையெழுத்துச் சாவி எல்லாம் சிதம்பரத்து அலமாரியில். அவர் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு பாயில்.

“பெரியப்பா, சிதம்பரம் வரைக்கும் போயி சாயந்தரம் வந்துடறேன்.”

“அப்பன எரிச்ச சூடு ஆறல. எல்லைய தாண்டனா ஊர்ல என்னா பேசுவாங்க?”

“கொழந்தைங்க விஷயம் பெரியப்பா.”

“எந்தக் கொழந்தைங்க? நம்ம புள்ளைங்க ரெண்டும் கொல்லையில வெளையாடுது பாரு.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஜெராக்ஸ் மிஷினில் காகிதம் சிக்கினாலே ஆள் வர வேண்டும் என்று அவருக்கே தெரியும். அப்போது வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, தம்ளர்த் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“நான் போயி பண்ணிட்டு வரேன்.”

சமையல்கட்டு மிக்ஸி பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார் மாமா. “ஒனக்கு அதுல...”

“எனக்குத் தெரியும். பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க போதும்.”

பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, புத்தகத்தை எடுத்து வருகிறேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறிக்கொண்டாள். சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டினோம். கீரப்பாளையம் வந்தபோது பின்னாலிருந்து, “அவுரு எப்பவும் ஒரே கல்ல வச்சிதான்டா பாப்பாரு” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குள் போனதும் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு ஐந்து கணினியையும் போட்டாள். போனில் மாமா சொன்ன இரண்டு வரியைச் சேர்த்தாள். எடைக்கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஐந்திலும் சரி. முடிந்தது என்று நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அவள் சமையல்கட்டுக்குப் போய் ஓர் உப்புப் பொட்டலமும் ஒரு தேங்காயும் கொண்டுவந்தாள். உப்பை வைத்து, ஒரு கையால் அதை எடுக்கிறபோதே இன்னொரு கையால் தேங்காயை வைத்தாள். மூன்று திரைகளில் உப்பின் எடை அப்படியே நின்றது.

“ம்” என்றாள். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. துக்க வீட்டிலிருந்து வந்தவள் என்றெல்லாம் பார்க்க வேண்டாம், அக்கா சந்தோஷமாக இருந்தாள்.

மாமாவைக் கூப்பிட்டாள். “நீங்க சொன்னது பத்தாதுங்க. பூஜ்யத்துக்கு வராமலே எட மாறுது.”

“வராம எப்பிடி மாறும்?”

“ரெண்டு கையி இருக்கறவங்க அப்பிடித்தான் வப்பாங்க.”

ஊரில் அப்போது நடந்ததை மாமாவின் தங்கை சௌந்தரம் பிறகு சொன்னாள். அவர் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் குந்தி, துண்டைத் தலைக்கு மேல் போட்டு மூடிக்கொண்டு போனில் முணுமுணுத்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்பனை நினைத்து மறைவாக அழுகிறான் என்று தாங்களும் ஒரு மூச்சு அழுதார்களாம். பெரியப்பாவே, “அவன வுடுங்க, அழுது தீக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார். துண்டுக்குள்ளே மாமா கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை யாருக்கும் சொல்லாதது.

அக்கா அந்தப் பகுதியையே கலைத்துத் திரும்ப எழுதினாள். எழுதியதைப் போனில் வாசித்தாள். மாமா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சரி, போடு” என்றார். இருட்டுவதற்குள் வெளியிட்டுவிட்டு, பிள்ளைகளின் புத்தகங்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். வெளியீட்டுக் குறிப்பில் அவள் பெயர் இருந்தது. ஊர் திரும்புவதற்குள் அந்தச் செவிலி எழுதிவிட்டார்: சோதித்தோம், சரியாக இருக்கிறது, நன்றி சந்திரலேகா. அக்கா அதை அப்போது என்னிடம் காட்டவில்லை. வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன், படித்துக்கொண்டே வந்தாள்.

கருமாதி முடிந்து சிதம்பரம் வந்த பிறகும் அவளே தொடர்ந்தாள். மாமாதான் சொன்னார், கொஞ்ச நாள் பார் என்று. பள்ளி விட்டு வந்து, குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் உட்காருவாள். வருஷக்கணக்காகக் கிடந்த புகார்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மாமாவுக்கு அவர் கேட்ட ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

கடலூருக்கு வந்தார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். காலை முழுக்க நன்றாகத்தான் இருந்தார். மீன் வறுவல் தின்றார், மணலில் துண்டை விரித்துப் படுத்தார், என் பழைய ஜோக்குக்கெல்லாம் சிரித்தார். பதினோரு மணி வாக்கில் எழுந்து உட்கார்ந்து, “என்னா பண்றாளோ” என்றார். கைபேசியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். முகம் கறுத்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டார்.

“அந்தப் பழைய விண்டோஸுக்கு உள்ளத ஏன் எடுத்துட்ட? மண்டியில அதானே ஓடுது? அவுங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?”

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. “ஆரோக்கியராஜ் அண்ணன கேட்டுட்டுதாங்க எடுத்தேன். அந்தப் பெட்டிய எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுட்டாராம்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு பெட்டிக்காக எத்தனை சாயங்காலங்களை அவர் கொடுத்திருப்பார் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. கடலைப் பார்த்துக்கொண்டே, “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அவுரு” என்றார். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் நிஜமாகவே பாவமாக இருந்தது.

அதன் பிறகு அவருக்கு எதுவும் சரியாகப் படவில்லை. கடிதங்கள் எல்லாம் அக்கா பெயருக்கு வந்தன. ஹாலந்துக்காரர் ஒருத்தர் மரியாதையாகவே, நீங்கள் இப்போதும் மரக்காலில் வேலை செய்கிறீர்களா என்று மாமாவைக் கேட்டுவிட்டார். அதைப் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். அடுத்த வாரம் ஒரு காலையில், அவள் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது, மரக்காலுக்குள் அவளுக்கு இருந்த அனுமதியை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றினார். மாற்றிய பிறகுதான் அவளிடம் சொன்னார்.

“ஸ்கூலு, புள்ளைங்க, வீடு, எல்லாம் நீதானே பாக்கற. இதுவேற எதுக்கு ஒனக்கு, ஜாஸ்தி கஷ்டம். நானே பாத்துக்கறேன்.”

“சரிங்க” என்றாளாம் அக்கா. டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா அலமாரிக்கு முன்னால் பழையபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். எடைக்கல் தராசின் மேல் இருந்தது.

“ஆளு இல்ல, ஆளு இல்லன்னு ஊரக் கூட்டி அழுதீங்களே மாமா. கெடச்ச ஆள ஏன் தொரத்துனீங்க?”

“தொரத்தலடா மச்சான். பாவம், அவளுக்கு கஷ்டம்.”

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதை அவர் நம்பினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். ஜெயிலுக்குள் போய் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே விட ஆளில்லை என்று சொல்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? அக்கா சமையல்கட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசியது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் போர்ச்சுகலிலிருந்து கடிதம் வந்தது. புதுத் தராசு வாங்கியிருக்கிறார்கள், அதில் எடை ஒரு சமயம் வருகிறது, ஒரு சமயம் வருவதில்லை. மாமா மரக்காலின் நிரலைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தார். அது அக்கா திருப்பி எழுதிய பகுதி. மேலிருந்து கீழே படித்தார், மறுபடி மேலே போனார். பிடிபடவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டார்.

“லேகா, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியிருக்காங்க. உன்னைத்தான் கேக்கறாங்க, ஏன் உங்கிட்டருந்து பதிலே வரலன்னு. ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டிருக்காங்க. என்னான்னு எழுதட்டும்?”

அக்கா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கல்யாணம் ஆயிடுச்சின்னு எழுதுங்க” என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.